பனியன் கம்பெனிக்குப் பின் ஸ்வெட்டர் வகுப்பு

ஒரு தங்கை கேட்டது: "அக்கா, திருப்பூரில் 12 வருடம் பனியன் கம்பெனி சாம்பிள் செக்‌ஷனில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். முன் துண்டு, பின் துண்டு, ரெண்டு கை, ஒரு கழுத்துப் பட்டி. ஸ்வெட்டரும் அதுதானே? இதற்குப் போய் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் காசு கட்டி ஆறு வாரம் வகுப்பா?"

24 செப்டம்பர் 2023

இதே கேள்வியை அப்பாவும் போனில் கேட்டார். அவர் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டர். லே போட்ட, அதாவது அடுக்கி விரித்த துணி மேல் வெட்டுக்கோடு வரைந்த மார்க்கர் தாளை விரித்துக் கத்தியை ஓட்டினால் ஓரம் பிசிறாமல் வரும் கை. அவருக்கும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

காரணம், போன குளிர்காலத்தில் நானாகப் பின்னிய ஸ்வெட்டர். மப்ளர், தொப்பி, குழந்தைக்கு சாக்ஸ் எல்லாம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கற்றுப் பின்னியிருந்தேன். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன். என் மார்புச் சுற்று 96 செ.மீ. அசைய 8 செ.மீ. சேர்த்து 104. நூல் உருண்டையின் தாளில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) என்று இருந்தது. 104ஐ 2.2ஆல் பெருக்கி, இரட்டைப்படைக்காக 228 கண்ணி போட்டுச் சுற்றிச் சுற்றிப் பின்னினேன். இரண்டரை மாதம். முடித்துப் போட்டால் தோளிலிருந்து நழுவுகிறது. அளந்தேன், 114 செ.மீ.

என் கை தளர்வு. 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வந்திருக்கிறது. 228ஐ 2ஆல் வகுத்தால் 114. கணக்கு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

கம்பெனியில் இப்படி வந்தால் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே வாங்கித் தைத்து, திருத்திய சாம்பிளை அனுப்பிவிடலாம். இதில் வாங்குவதற்குப் பக்கத் தையலே கிடையாது. அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்குத் துணியை வெட்டித் தைக்கத் தெரியும், துணி உருவாகும்போதே அதற்கு உடல்வடிவம் கொடுக்கத் தெரியாது என்று. அதைக் கற்கத்தான் போகிறேன்.

(திருப்பூரில் லூப் என்போம். இங்கே கண்ணி என்றே எழுதுகிறேன்.)

7 அக்டோபர் 2023, முதல் வகுப்பு

நூல் கடையின் மாடியில் நீள மேசை. நாங்கள் எட்டுப் பேர். ஆசிரியைக்கு எழுபது வயது இருக்கும். அவருடைய அம்மா இந்த ஊர் சாக்ஸ் மில்லில் வேலை செய்தவராம். நான் திருப்பூர் என்றதும் "நீங்களும் பின்னல் ஊர்க்காரரா" என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். திருப்பூருக்கு இத்தனை தூரத்தில் ஒருவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இன்றைக்கு ஸ்வெட்டர் பக்கமே போகவில்லை. இரண்டரை மணி நேரமும் மாதிரித் துண்டு, நம் கைக்கு 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வருகிறது என்று பார்க்கப் பின்னும் சிறு துண்டு. அதுவும் வட்டமாகப் பின்னப்போகிறவர்கள் வட்ட முறையில்தான் மாதிரி பின்ன வேண்டும் என்றார். காரணம் இதுதான். தட்டையாகப் பின்னினால் ஒரு வரிசை நிட் (முன்பக்கக் கண்ணி), திரும்பும் வரிசை பர்ல் (அதன் மறுபக்கம்). வட்டமாகப் போனால் எல்லாமே நிட். பலருக்கு பர்ல் கண்ணி நிட்டை விடத் தளர்வாக விழும். தட்டை மாதிரியை அளந்து வட்ட ஸ்வெட்டர் பின்னினால் அளவு தப்பும்.

மாதிரிக்காக ஒரு முழு வளையம் பின்ன வேண்டியதில்லை. ஒரு வரிசை முடிந்ததும் திருப்பாமல், நூலைப் பின்பக்கம் நீளமாகத் தொங்கவிட்டு மறுபடி முதல் ஓரத்திலிருந்தே தொடங்கலாம். பின்னால் பார்க்க அலங்கோலமாக இருக்கும். முன்னால் நிட் மட்டும்.

இன்னொன்று: மாதிரி ஒரு சாண் அகலமாவது இருக்க வேண்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணலாக இருப்பதால் நடுவில்தான் அளக்க வேண்டும். அதையும் துவைத்துக் காயவைத்த பிறகுதான். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஷ்ரிங்கேஜ் டெஸ்ட்! துணியில் சதுரம் வரைந்து, துவைத்து, காயவைத்து, மறுபடி அளக்கும் வேலையை 12 வருடம் செய்திருக்கிறேன். வீட்டில் ஊசியைக் கையில் எடுத்தபோது அது தோன்றவே இல்லை.

8 அக்டோபர் 2023

ஒரு திருத்தம். பக்கத் தையல் இல்லாதது கைப்பின்னலுக்கு மட்டுமே உரியது போல முதல் குறிப்பில் எழுதிவிட்டேன். அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு அண்ணன் பிடித்துவிட்டார்: "உங்கப்பா போடற கையில்லாத பனியனைத் திருப்பிப் பாருங்க. சைடுல தையல் இருக்குதா?"

இருக்காது. பாடி சைஸ் மெஷின். 30 அங்குல டயா (விட்டம்) மெஷினில் அகலத் துணி ஓட்டுவது டி ஷர்ட்டுக்கு. கையில்லாத பனியனுக்கு உடம்பளவு டயாவிலேயே குழாயாக ஓட்டுவார்கள். அண்ணன் சொன்னது சரி. நானே கொடியில் காயப்போட்டு மடித்த பனியன்கள்.

ஆனால் அந்தக் குழாய்க்குக் கழுத்தும் கைக்குழியும் கத்தியால் வெட்டித்தான் வரும். குழாய் வரைக்கும் இரண்டும் ஒரே சாதி. தோளில்தான் பிரிகின்றன.

14 அக்டோபர் 2023, இரண்டாம் வகுப்பு

4 மி.மீ. ஊசியில் 20 கண்ணி. 3.5 மி.மீ. ஊசியில், துவைத்த பிறகு, 22 கண்ணி, 30 வரிசை. அப்படியானால் மறுபடியும் 228. போன வருடம் ஏமாற்றிய அதே எண். இந்த முறை என் கை தந்த எண்.

இன்று கற்ற முறை எலிசபெத் சிம்மர்மேன் வகுத்தது. 1910இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் விஸ்கான்சினில் வாழ்ந்து, 1999இல் காலமானவர். வட்டமாக, தையல் இல்லாமல் பின்னும் முறையை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். அவருடைய யோசனை: உடலின் கண்ணி எண்ணிக்கை 100 என்றால் மற்ற எல்லாம் அதன் சதவீதம்.

எனக்கு வந்த கணக்கு:
உடல் 228.
மணிக்கட்டு 20 சதவீதம், 46.
மேல்கை 35 சதவீதம், 80.
கையும் உடலும் அக்குளில் ஒட்டும் இடம் 8 சதவீதம், 18.
கழுத்து 40 சதவீதம், 91.

இவ்வளவுதான். ஒரு அளவு, ஒரு எண். கம்பெனியில் ஒரு ஸ்டைலுக்கு மெஷர்மென்ட் சார்ட்டில் இருபது முப்பது வரி இருக்கும். ஒவ்வொரு சைசுக்கும் ஒரு பத்தி. இங்கே நோட்டில் ஐந்து வரி. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இது எல்லா உடம்புக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் ஆசிரியை மறைக்கவில்லை. மேல்கை பருத்தவருக்கு 35 போதாது, 38, 40 என்று ஏற்ற வேண்டும். மார்பு பெரிதாகி தோள் சிறிதாக இருப்பவருக்குக் கழுத்து அகன்றுவிடும். தொடங்குவதற்கு இது போதும், அப்புறம் டேப்பை எடு என்றார்.

17 அக்டோபர் 2023

"பின்னல் ஊர்" என்று ஆசிரியை சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்ததால், ரடிங்டன் போய் அங்குள்ள சட்டகப் பின்னல் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். நாட்டிங்ஹாமிலிருந்து பஸ்ஸில் பக்கம்தான். கைத்தறி இல்லை அது, நெசவே கிடையாது. பின்னல் சட்டக இயந்திரம் என்று சொல்லலாம். ஒருவர் உட்கார்ந்து காலால் மிதித்து, கையால் இழுத்து, ஒரு வரிசைக் கண்ணி முழுவதையும் ஒரே வீச்சில் உருவாக்குவார்.

அதை 1589இல் கண்டுபிடித்தவர் வில்லியம் லீ. இதே மாவட்டத்தின் கால்வர்ட்டன் ஊரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். முதலாம் எலிசபெத் ராணி அவருக்குக் காப்புரிமை தரவில்லை. நம்ம வட்ட மெஷினில் ஓடுகிற லாட்ச் ஊசி இருக்கிறதே, கொக்கியும் மடங்கும் நாக்கும் வைத்தது, அதற்குக் காப்புரிமை வாங்கிய மேத்யூ டவுன்சென்ட் பக்கத்து லெஸ்டர்காரர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. திருப்பூர் காதர்பேட்டையில் பாக்கெட் பாக்கெட்டாக விற்கும் ஊசியின் பிறந்த ஊர் என் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி. இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

என்னை நிறுத்தியது வேறு ஒரு விஷயம். 1811இல் இந்த மாவட்டத்துப் பின்னல்காரர்கள் இரவில் போய் முதலாளிகளின் இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். லட்டைட் என்று பேர். இயந்திரமே வேண்டாம் என்றவர்கள் என்றுதான் படித்திருந்தேன். அவர்களே இயந்திரத்தில் பின்னிப் பிழைத்தவர்கள்! கூலிக் குறைப்பு அவர்களுடைய பெரிய குறை. இன்னொரு குறை, வெட்டித் தைத்த காலுறை. முறையான காலுறை என்றால் கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்று கண்ணியைக் குறைத்துக் கூட்டி வடிவம் எடுத்து வரும். சிலர் அகல இயந்திரத்தில் நேர்த் துணியாக ஓட்டி, காலுறை வடிவில் வெட்டி, ஓரத்தைத் தைத்து மலிவாக விற்றார்கள். தையல் விட்டால் ஓரக் கண்ணி அவிழ்ந்து ஓடும். தொழிலின் பெயரையே இது கெடுக்கிறது என்று கொதித்தார்கள். 1812இல் இயந்திரம் உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார்.

வெட்டித் தைத்தது. எங்கள் ஊர் மொத்தமும் அதில்தான் சாப்பிட்டது, என் படிப்பு உட்பட. அந்த இயந்திரத்துக்கு முன்னால் நின்று, அவர்கள் கோபம் நியாயம் என்றும் தோன்றியது, அப்பாவின் கத்தியை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. மெஷினில் நான்கு நூல் ஓவர்லாக் அடித்த ஓரம் எளிதில் அவிழாது என்று அவர்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அது அவர்கள் கையில் இருந்திருந்தால்?

18 அக்டோபர் 2023

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர் கடையில் வாங்கும் ஸ்வெட்டர் வெட்டித் தைத்ததா, வடிவெடுத்துப் பின்னியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறார். கைக்குழி ஓரத்தைப் பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று கண்ணி உள்ளே, சிறு சாய்ந்த தழும்புகள் வரிசையாகப் போனால் அது கண்ணி குறைத்த இடம். வடிவெடுத்தது. தழும்பே இல்லாமல் நேர்க் கண்ணிகள் ஓரத்தில் அறுபட்டு ஓவர்லாக்குக்குள் போனால் வெட்டியது. மெஷினிலும் வடிவெடுக்க முடியும். 1864இல் லஃப்பரோவைச் சேர்ந்த வில்லியம் காட்டன் காப்புரிமை வாங்கிய மெஷின் அந்த வேலைக்குப் பேர் போனது. காட்டன் என்பது அவர் பெயர், பருத்தி இல்லை.

21 அக்டோபர் 2023, மூன்றாம் வகுப்பு

கை. மணிக்கட்டில் 46, மேல்கையில் 80. 34 கண்ணி கூட்ட வேண்டும். உள்கைக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அதாவது ஒரு தடவைக்கு 2, ஆக 17 தடவை. கை நீளம் 44 செ.மீ. அதில் ஓரத்தில் இழுபடும் ரிப் பட்டி 6 போக 38. செ.மீ.க்கு 3 வரிசை, 114 வரிசை. 114ஐ 17ஆல் வகுத்தால் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு வரிசைக்கு ஒரு தடவை என்று வைத்தால் 102 வரிசையில் முடியும். மீதி 12 வரிசை நேராகப் போகும், அக்குள் பக்கம் தளர்வு கிடைக்கும்.

பேட்டர்ன் அட்டையில் கையின் சாய்வுக் கோட்டை ஸ்கேல் வைத்து ஒரு இழுப்பில் போடுவேன். அந்தக் கோட்டுக்குள் இவ்வளவு வகுத்தல் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

ஒயர் கூடை போட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அடி அகலம் எத்தனை முடிச்சுன்னு போட்டுட்டா கூடை உசரம் வந்துரும் கண்ணு, இதிலென்ன" என்றார். அம்மாவுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்தது. எனக்கு மூன்று வாரம் ஆனது.

22 அக்டோபர் 2023

மதுரையிலிருந்து ஒரு கேள்வி: எங்க ஊர் வெயிலுக்குக் கம்பளி ஆகாது, பருத்தி நூலில் இதையே பின்னலாமா?

பின்னலாம், ஆனால் இந்த எண்களை அப்படியே எடுக்காதீர்கள். கம்பளி இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். பருத்திக்கு அந்தத் திரும்பும் குணம் குறைவு, எடையும் கூடுதல். உடல் முழுவதும் பின்னி மாட்டினால் தன் எடையிலேயே கீழே இறங்கும். ரிப் சீக்கிரம் தொளதொளக்கும். அதனால் மெல்லிய நூல், குட்டை உடல், கையில்லாத அல்லது அரைக்கை. மாதிரியைத் துவைத்து, கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மறுநாள் அளக்கவும். டி ஷர்ட் துவைத்த பிறகு பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வருமே, நூல் முறுக்கு சமன்படாவிட்டால் அதுவும் கைப்பின்னலில் வரும். ஒற்றைப் புரி நூலைத் தவிர்த்து, பல புரி சேர்த்து முறுக்கியதை வாங்குங்கள்.

23 அக்டோபர் 2023

வருத்தமான விஷயம். கூடுதலாக வாங்கிய நான்கு உருண்டையில் ஒரு கை பின்னி முடித்து உடலோடு சேர்த்து வைத்தேன். பகல் வெளிச்சத்தில் நீலம் வேறு. சாய லாட் எண், அதாவது ஒரே தடவை சாயம் ஏற்றிய தொகுதியின் எண், வேறு. இணையத்தில் வாங்கிய கடை ஒரே லாட் என்று எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்த அன்றே தாளில் உள்ள எண்ணை நானும் பார்த்திருக்க வேண்டும்.

ஆசிரியைக்கு எழுதினேன். கையைப் பிரித்து, இரண்டு லாட்டையும் இரண்டு வரிசைக்கு ஒரு தரம் மாற்றி மாற்றிப் பின்னச் சொன்னார். கண் கலந்து பார்த்துக்கொள்ளும். இரண்டு கையும் அப்படியே வரும், உடல் ஒரு நிறம், கை அரை மாற்று, வித்தியாசம் தெரியாது என்றார். பிரித்தாயிற்று.

28 அக்டோபர் 2023, நான்காம் வகுப்பு

சேர்க்கும் நாள்.

உடல் 228இல் இரண்டு அக்குளுக்கும் 18, 18 கண்ணியை வேறு நூலில் கோத்து ஒதுக்கினால் 192. ஒவ்வொரு கையிலும் 18 ஒதுக்கினால் 62. இரண்டு கைக்கு 124. எல்லாம் ஒரே ஊசியில்: 316.

முன் உடல், ஒரு கை, பின் உடல், இன்னொரு கை என்று ஒரு நீளமான வட்ட ஊசிக்குள் ஏறிய அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று குழாய் ஒரு குழாய் ஆனது. மடியில் கை, உடல் எல்லாம் தொங்க, ஒரு சட்டை உட்கார்ந்திருந்தது. சாம்பிள் டெய்லர் தோள் அடித்து, கை ஏற்றி, சைடு மூடும்போதும் தட்டையான துணி சட்டையாகும் நேரம் ஒன்று உண்டு, அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். இது ஒரு தையல்கூட இல்லாமல் நடந்தது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவும் ஊசியை வைத்துவிட்டுத் தன்னுடையதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் சில சுற்று கடினம். கை சேரும் நான்கு மூலையும் இழுக்கும், ஊசி வளையாது. கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்.

29 அக்டோபர் 2023

தோள் வட்டத்தின், அதாவது கை சேர்ந்த இடத்திலிருந்து கழுத்து வரைக்குமான பகுதியின், கணக்கைக் கேட்டவர்களுக்கு. தோள் வட்ட ஆழம் உடல் சுற்றளவில் கால் பங்கு. எனக்கு 26 செ.மீ. பாதி ஆழம், 13 செ.மீ., ஒன்றும் குறைக்காமல் நேராகப் போகும். அங்கே முதல் குறைப்பு: இரண்டு பின்னி, இரண்டைச் சேர்த்துப் பின்னுவது. நான்கு மூன்றாகும். 316 போய் 237. முக்கால் ஆழத்தில் இரண்டாவது: ஒன்று பின்னி, இரண்டைச் சேர்ப்பது. 237 போய் 158. முடிவில் மூன்றாவது: ஒன்று பின்னி, இரண்டைச் சேர்த்து, மறுபடி இரண்டைச் சேர்ப்பது. ஐந்து மூன்றாகும். 158இல் 31 தடவை செய்து மீதி 3ஐ அப்படியே பின்னினால் 96.

சதவீதப்படி 91 வர வேண்டும், 96 வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். 2க்கு 2 ரிப் போட 4ஆல் வகுபட வேண்டும். 96 வசதி. ரிப் தானே கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும்.

மூன்றே மூன்று சுற்றில் மொத்தத் தோளும் கழுத்துக்குக் குவிகிறது. நடுவில் எங்கும் குறைப்பில்லை. இப்படிச் செய்தால் அங்கங்கே சுருக்கம் விழாதா என்று நினைத்தேன். கம்பளி அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது, ஆவி பட்டதும் மட்டமாகிவிடுகிறது.

4 நவம்பர் 2023, ஐந்தாம் வகுப்பு

போட்டுப் பார்த்தேன். முன்கழுத்து தொண்டையை அழுத்துகிறது. பின்கழுத்து கீழே வழிகிறது. ஸ்வெட்டர் முழுக்கப் பின்னால் சாய்கிறது.

இது எனக்குத் தெரிந்த விஷயம்! எந்த டி ஷர்ட் சார்ட்டிலும் முன்கழுத்து இறக்கம் ஒரு எண், பின்கழுத்து இறக்கம் வேறு எண். பின்னது மிகச் சிறியது. கழுத்து நேராக நிற்பதில்லை, முன்னால் சாய்ந்து நிற்கிறது. தோள் வட்டத்தை முன்னும் பின்னும் ஒரே உயரமாகப் பின்னிவிட்டு எப்படி உட்காரும்?

மருந்து, பாதி வரிசை. பின்பக்கம் மட்டும் போய், சுற்றை முடிக்காமல் திரும்பி, மறுபக்கம் போய் மறுபடி திரும்புவது. ஒவ்வொரு தடவையும் சில கண்ணி முன்னதாகவே திரும்ப வேண்டும், படி போல இறங்கும். மூன்று சோடி போட்டால் பின்னால் 6 வரிசை கூடும், 2 செ.மீ. உயரும். திரும்பும் இடத்தில் ஓட்டை விழாமல் இருக்க அந்தக் கண்ணியை நூலால் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கிறார்கள்.

கழுத்துப் பட்டி தொடங்கும் முன் போட்டும் சமாளிக்கலாம் என்றார் ஆசிரியை. எனக்கு மனசு வரவில்லை. முதல் குறைப்புக்குக் கீழே போட்டால் வளைவு தோளுக்குள் மறைந்துவிடும். அதற்கு மேல் பாதி தோளையும் பிரிக்க வேண்டும். கணக்குப் போட்டேன், ஏழாயிரத்துச் சொச்சம் கண்ணி. பல இரவு வேலை.

நூலை இழுக்க இழுக்க ஒவ்வொரு கண்ணியும் டக் டக்கென்று விடுபட்டு வந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கையில் சுருள் சுருளாக நூல், ஒரு முழம்கூட வீணில்லை. கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வெளியே போகும். அக்குளுக்கும் கழுத்துக்கும் இடையில் விழும் துண்டுகள். சிறுவயதில் அதன் மேல்தான் படுத்து விளையாடினோம். இங்கே தப்பு செய்தாலும் நூல் நூலாகவே கைக்குத் திரும்பி வருகிறது. பிரிக்கும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

12 நவம்பர் 2023, தீபாவளி

நேற்றுக் கடைசி வகுப்பு. அக்குளில் ஒதுக்கியிருந்த 18க்கு 18 கண்ணியை ஊசி நூலால் கண்ணியோடு கண்ணி கோத்து மூடினோம். புதிதாக ஒரு வரிசை பின்னியது போலவே தெரியும், தையல் தெரியாது. இரண்டு மூலையிலும் சிறு ஓட்டை விழும். நூல் வாலால் உள்பக்கம் சுற்றி இழுத்தால் போதும்.

ஊரில் போனஸ் போட்டு, கம்பெனி எல்லாம் மூடி, பஸ் ஸ்டாண்ட் நிறைந்திருக்கும். நான் இங்கே நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பிள்ளையோடு கம்பி மத்தாப்பு கொளுத்தினேன். மார்பு 104 செ.மீ. டேப்பில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கழுத்து உட்கார்ந்துவிட்டது.

3 டிசம்பர் 2023

இன்னொரு திருத்தம், இது பெரியது. கைப்பின்னலில் கத்திரிக்கு வேலையில்லை என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன் போலத் தோன்றியது. திரும்பப் படித்தேன். வார்த்தையாக எழுதவில்லை, ஆனால் குறிப்பு முழுக்க அதுதான் அர்த்தம். தப்பு.

நேற்று ஆசிரியை விரும்பியவர்களைக் கூப்பிட்டிருந்தார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளின் முறையில் அவர் பின்னிய கார்டிகன். ஒரு வரிசைக்கு இரண்டு நிறம், வட்டமாக. முன்பக்கம் திறப்பே இல்லை, முழுக் குழாய். திறப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் சில கண்ணி கூடுதலாகப் போட்டு ஒரு பாலம் வைத்திருந்தார். கத்திரியை எடுத்து, பாலத்தின் நடுவே, கீழிருந்து மேலே, வெட்டிக்கொண்டே போனார். எட்டுப் பேரும் மூச்சு விடவில்லை.

ஒரு கண்ணிகூட ஓடவில்லை. அந்தத் தீவு ஆட்டுக் கம்பளியின் இழை மேல் செதில் உண்டு. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கண்ணி பக்கவாட்டில் சுலபமாக அவிழாது. மெஷினில் துவைக்கலாம் என்று விற்கும் கம்பளியில் அந்தச் செதிலை மழுக்கியிருப்பார்கள், அதில் இப்படி வெட்டினால் பிரிந்துவிடும். சிலர் பாதுகாப்புக்கு வெட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் குரோஷா அல்லது மெஷின் தையல் போட்டுக்கொள்கிறார்கள்.

வட்டமாகப் பின்னினால் எப்போதும் முன்பக்கம் பார்த்தே நிறம் மாற்றலாம், பர்ல் வரிசையில் டிசைன் தேட வேண்டாம். அதற்காகவே குழாயாகப் பின்னி, வெட்டித் திறக்கிறார்கள். ஆக, பின்னலை வெட்டுவது மட்டமான வேலை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே வெட்டப்போகிறோம் என்று முதலிலேயே தெரிந்து, அதற்கென்று கண்ணி ஒதுக்கி, எந்த நூல் தாங்கும் என்று பார்த்து வெட்டுகிறார்கள். அப்பா கத்தியை எடுக்கும் முன் துணியைத் தேய்த்து, இழுத்து, நேர் பார்ப்பது நினைவுக்கு வந்தது. 1811ஆம் வருடத்து ஆட்கள் கோபப்பட்டது வெட்டியதற்கா, தாங்காததைத் தாங்கும் என்று விற்றதற்கா? அக்டோபர் 17 குறிப்பில் நான் தடுமாறிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவதுதான் என்று என் பக்கத்திலிருந்து சொல்வேன்.

15 ஜனவரி 2024

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். அப்பா வீடியோவில் ஸ்வெட்டரைப் பார்த்தார். "திருப்பு" என்றார். உள்பக்கம் காட்டினேன். அக்குள் பக்கம் கேமராவைக் கொண்டுபோகச் சொன்னார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோத்த இடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. நான் விரல் வைத்துக் காட்டியும் கிடைக்கவில்லை. "பின்கழுத்து எவ்வளவு ஏத்தி இருக்கற?" என்று கேட்டார். 2 செ.மீ. என்றேன். "இன்னும் அரை ஏத்தலாம்" என்றார்.

அவர் சொல்வது சரி. அடுத்ததில் நான்கு சோடி போடுவேன்.

அடுத்தது அவருக்கு. ஏப்ரலில் இங்கே வருகிறார், நாட்டிங்ஹாம் ஏப்ரலுக்கு ஸ்வெட்டர் வேண்டும். ரடிங்டன் கூட்டிப்போக வேண்டும். மார்புச் சுற்று 98 என்று அம்மா டேப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். சட்டைக்கு மேலே பிடித்தாரா, பனியனுக்கு மேலேயா என்று கேட்க மறந்துவிட்டேன். நாளைக் காலை கேட்டுவிட்டுத்தான் கண்ணி போடுவேன். நூல் 12 உருண்டை, எல்லாம் ஒரே லாட், பார்த்துவிட்டேன்.